ஈரத் துணியின் பின்புறம்

படிப்பவரே, எழுந்து வாருங்கள். ஓர் அநியாயத்துக்கு உங்கள் கண்கள் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. தொலைவு ஒன்றுமில்லை. மாதுங்காவிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால், கால் போய்ச் சேருமுன்பே மூக்கு போய்ச் சேர்ந்துவிடுகிற தாராவிதான். போர் ஓய்ந்த மறு வருஷம். புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை. பொழுது சாய்கிற வேளை. தோல் கிடங்குகளுக்கு நடுவிலுள்ள வெட்டவெளியில் சர்க்காரின் படவண்டி வந்து நிற்கிறது. இரண்டு மூங்கில்களுக்கு இடையில் ஒரு வெள்ளைத் துணி கட்டப்பட்டிருக்கிறது. துணிக்கு முன்னால் சாக்கும் பாயும் விரித்து ஆண்கள் அமர்ந்திருக்கிறார்கள். பீடிப் புகை எழுகிறது, சிரிப்பு எழுகிறது, "ஏலே, தலைய எறக்குலே" என்ற அதட்டலும் எழுகிறது.

அங்கே நிற்காதீர்கள். துணியைச் சுற்றிக்கொண்டு மறுபுறம் வாருங்கள்.

இங்கே பாய் கிடையாது. ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் ஆட்டு மயிர்க் குப்பை. இரண்டுக்கும் நடுவில், மடியில் பிள்ளைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் பெண்கள். அவர்கள் பார்ப்பதும் அதே படந்தான். துணியின் முதுகை ஊடுருவிக்கொண்டு, இடம் வலமாய், வலம் இடமாய், மங்கலாய் வந்து சேருகிற படம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காய்ந்த துணி வெளிச்சத்தைத் தன் முகத்திலேயே நிறுத்திக்கொள்ளும். முதுகுப் பக்கம் இருண்டு கிடக்கும். துணி நனைந்திருந்தால்தான் ஒளி ஊறிப் பின்னால் வரும். ஆகையால் படம் தொடங்குமுன் ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்களே குழாயடியில் வரிசை நின்று, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வந்து, துணியை நனைத்தார்கள். தங்களை மறைத்துவைத்த துணிக்குத் தாங்களே நீர் வார்த்தார்கள். இதற்கு அந்த ஊரில் வைத்திருந்த பெயர், மரியாதை.

இந்த ஏற்பாட்டைச் செய்தது திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர்களின் சங்கம். சங்கத் தலைவர் வானமாமலை, ஒரு கிடங்கின் மேஸ்திரி. அவரைக் கொடியவர் என்று எண்ணிவிடாதீர்கள். பிளேக் காலத்தில் யாரும் தொடாத பிணங்களைத் தோளில் சுமந்தவர். வேலை தேடி வருகிறவனுக்குத் தம் கூரையடியில் படுக்க இடம் கொடுப்பவர். முதன்முதலாகப் படவண்டி வந்த நாளில், "அசலூர்க்காரன் கண்ணு நம்ம பொம்பளையாளுவ மேல படப்பிடாது" என்று அவர் சொன்னார். அந்த நாளில் அது அவருக்கு நியாயமாகவே பட்டது. நல்ல மனிதர்கள் நல்லெண்ணத்தோடு போட்டுவைத்த முடிச்சை அவிழ்ப்பதுதான் உலகத்திலேயே கடினமான வேலை.

அந்தப் பின்வரிசையில் இருந்தவள் இசக்கி. தோல்களிலிருந்து உரித்த ஆட்டு மயிரைக் கறுப்பு, வெள்ளை, பழுப்பு என்று தரம் பிரிப்பது அவள் வேலை. அவள் கணவன் செல்லப்பாண்டி அதே கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் ஊறப்போடுகிறவன். இசக்கிக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை: எழுதப் படிக்க வேண்டும். அந்த ஆசைக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு சம்பந்தம் உண்டு. ஒருநாள் செல்லப்பாண்டியை மாதுங்காவில் ஒரு கடைக்கு லோடு இறக்க அனுப்பியிருந்தார்கள். அவனுக்குச் சோறு எடுத்துப்போனவள் எந்த பஸ் என்று இரண்டு இளவட்டங்களைக் கேட்டாள். அவர்கள் வேடிக்கைக்காக ஒரு பஸ்ஸைக் கைகாட்டினார்கள். அது அவளை எங்கோ தள்ளியிருந்த ஆண்டாப் ஹில்லில் கொண்டுபோய் இறக்கியது. வெயிலில் தூக்கோடு நடந்தே திரும்பினாள். சோறு ஊசிப்போயிற்று. பசியோடு இருந்த செல்லப்பாண்டி கோபிக்கவில்லை; சிரித்தான். கோபத்தைத் தாங்கிக்கொண்டிருப்பாள், அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சங்கத்தில் மாலைப் பள்ளி நடந்தது. ஆண்களுக்கு மட்டும். கேட்கலாம் என்ற எண்ணம்கூட அவளுக்கு வந்ததில்லை. அது இல்லாத பொருளைக் கடையில் கேட்பதுபோல.

அப்போதுதான் அந்தக் கார்ட்டூன் படம் வந்தது. அம்மை குத்திக்கொள்வதைப் பற்றியும், கொசுவைப் பற்றியும் வண்டிக்காரர்கள் காட்டுகிற படங்களைப் பார்க்கக் கூட்டம் நிற்காது என்பதால், கடைசியில் கூலிபோல ஒரு கார்ட்டூன் காட்டுவார்கள். கையால் வரைந்த கோடுகள் உயிர்கொண்டு ஓடுகிற படம். அந்தப் படத்தின் நாயகன் ஒரு தெருவிளக்குக் கம்பம். சந்தின் கோடியில் நிற்கிறது. மாலையில் ஒருவன் வந்து ஏற்றுகிறான். காலையில் வந்து அணைக்கிறான். ஒருநாள் அதன் தலையில் வந்து உட்கார்ந்த கடற்பறவை ஒன்று கடலைப் பற்றிச் சொல்கிறது. அன்று முதல் கம்பத்துக்குக் கடலைப் பார்க்க ஆசை. மற்றக் கம்பங்கள் சிரிக்கின்றன. ஒரு நாய் வந்து காலைத் தூக்கிவிட்டுப் போகிறது. இந்த இடத்தில் முன்புறமும் பின்புறமும் ஒரே சிரிப்பாய் இருக்கும். நிற்பதுதான் நம் வேலை, நட்ட இடந்தான் நம் இடம் என்கிறது ஒரு கிழட்டுக் கம்பம்.

அப்போது படம் நின்று, துணியில் தமிழ் எழுத்துக்கள் வரும். பேசாத படம் ஆகையால், தமிழர் இருக்கும் பகுதிக்கென்று கண்ணாடிச் சட்டத்தில் எழுதிவைத்த வாசகம். வண்டியோடு வருகிற ஒருவர் அதைத் தகரக் குழலில் வாய்வைத்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, உரக்கப் படிப்பார்:

"என் இடம் இது என்று யார் சொன்னது?"

பிறகு கம்பம் தன் காலை மண்ணிலிருந்து பிடுங்கும். ஒரு சாண் வரும், மறுபடி இறங்கும். மறுபடி பிடுங்கும். வெளியே வந்ததும் குப்புற விழும். குழந்தை நடை பழகுவதுபோலச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, பனி மூடிய கடற்கரையில் போய் நின்று, தன் கண்ணாடி முகத்தை நீட்டிப் பார்க்கும். அங்கே வழி தெரியாமல் தவித்த படகுகள் அந்த வெளிச்சத்தைக் கண்டு திரும்பி வரும். "படகுகள் வந்தன" என்று ஒரு வாசகம். அவ்வளவுதான் படம்.

மற்றவர்கள் அதை நாய்க்காக நினைவு வைத்துக்கொண்டார்கள். இசக்கியோ படம் முடிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கோட்டால் வரைந்த ஒரு கம்பத்துக்கு வந்த துணிச்சல் எலும்பும் தசையும் உள்ள தனக்கு ஏன் வரவில்லை என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று நகைக்கும் அறிஞர்கள் இருக்கலாம். ஆயிரம் மேடைகளில் நாம் முழங்கியது அவள் காதுக்கு எட்டவில்லை. எட்டும் தூரத்தில் அவளை நாம் உட்கார வைத்ததுமில்லை. ஒரு பொம்மைப் படம் எட்டியது.

வண்டிக்கு வேறு சுருள் கிடைக்காததால் மாதாமாதம் அதே படம் வந்தது. ஆண்கள் முணுமுணுத்தார்கள். இசக்கி காத்திருந்தாள். குழல்காரர் சொல்லும் ஒலியையும் துணியில் தெரியும் வடிவத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பொருத்தி மனத்தில் பதித்தாள். கிடங்குக்குத் திரும்பியதும் சுண்ணாம்பு நீரில் விரலைத் தோய்த்து, மயிர்க் கொட்டகையின் கரிச் சுவரில் எழுதிப் பார்த்தாள். தை மாதத்தில் அவளுக்கு அந்த வாசகம் முழுவதும் கைவந்துவிட்டது.

"நாளைக்கு நான் பள்ளிக்கொடத்துக்கு வாரேன்" என்றாள் கணவனிடம்.

செல்லப்பாண்டி சங்கப் பள்ளியில் பெயர் கொடுத்தவர்களில் ஒருவன். பெயர் கொடுத்ததோடு சரி. தொட்டியில் நின்ற களைப்பில் அங்கே போய்ச் சுவரோரம் சாய்ந்து தூங்குவான்.

"நீ எதுக்குட்டி? நான் தூங்குதது காணாதுன்னு நீயும் வந்து தூங்கப் போறியா?"

"நான் தூங்க மாட்டேன்."

"அண்ணாச்சி வைவாரு."

"வஞ்சா வாங்கிக்கிடுதேன். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். தூங்குங்க."

மாலைப் பள்ளி சங்கத்தின் ஒற்றை அறையில் நடந்தது. பாடம் சொல்லிக்கொடுப்பவர் மேலப்பாளையத்துக்காரரான மன்சூர் அலி. பகலில் மாதுங்காவில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர். கல்யாணப் பத்திரிகைகளையும் எங்களைப் போன்ற மேடைப் பேச்சாளர்களின் துண்டுப் பிரசுரங்களையும் ஈய எழுத்துக்களில் அடுக்குபவர். இசக்கி வாசலில் வந்து நின்றபோது, வானமாமலை வழக்கம்போல் நாற்காலி போட்டு நிலையருகே உட்கார்ந்து, வந்தவர்களை மேற்பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, செல்லப்பாண்டிக்குச் சோறா? கொஞ்சம் பொறு. அவன் இன்னும் முழிச்சுக்கிட்டுத்தான் கெடக்கான். தூங்குனப்பொறம் எழுப்பிக் குடு."

அறை சிரித்தது.

"சோறு இல்ல அண்ணாச்சி. நான் படிக்க வந்திருக்கேன்."

சிரிப்பு ஒருகணம் நின்று, இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. வானமாமலை கையை உயர்த்தி அடக்கினார்.

"எழுத்து ஏதும் தெரியுமா ஒனக்கு?"

"கொஞ்சம் தெரியும்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல."

"அப்படியா சங்கதி! பாய், அந்தச் சிலேட்டக் குடுங்க. எழுதட்டும். ஒழுங்கா எழுதிட்டான்னா நானே இவளுக்கு எடம் போட்டுத் தாரேன். எழுதலைன்னா இந்தப் பேச்சு இத்தோட முடிஞ்சுது. என்ன, சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் இசக்கி.

சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பலப்பத்தைச் சிலேட்டின் வலது ஓரத்தில் ஊன்றினாள். அங்கிருந்து இடதுபுறமாக, தயங்காமல், ஓர் இடத்திலும் அழிக்காமல் எழுதிக்கொண்டே போனாள். எழுதி முடித்து நீட்டினாள்.

முன்வரிசையில் இருந்த ஒருவன் வாங்கிப் பார்த்துக் கண்ணைக் கசக்கினான். சிலேட்டைத் திருப்பினான், தலைகீழாகப் பிடித்தான். பக்கத்தில் இருந்தவனுக்குக் கொடுத்தான். அவன் தொட்டதும் தொடாததுமாகக் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணாச்சி, இது வேற மாதிரில்லா இருக்கு! செய்வினைத் தகட்டுல இப்படித்தான் எழுத்தத் திருப்பிப் போட்டுப் பொதைப்பானுவ."

முன்வரிசையில் இருந்தவர்கள் பாயோடு பின்னால் நகர்ந்தார்கள். சுவரோரத்திலிருந்து செல்லப்பாண்டியின் குரல் வந்தது, அவன் தூங்கவில்லை.

"கூறுகெட்டுப் பேசாதிய வே. என் பொண்டாட்டிக்குச் செய்வினை வைக்கத் தெரிஞ்சிருந்தா மொதல்ல எனக்குல்லா வச்சிருப்பா?"

யாரும் சிரிக்கவில்லை. வானமாமலை சிலேட்டைப் பார்த்தார். அவருக்குப் பயமில்லை, வெற்றிதான் இருந்தது.

"ஏம்மா, எழுத்தே ஒன்னப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவுது பாத்தியா? பொம்பளை கைக்கு இது ஆகாதுன்னு நான் சொல்லல, அதுவே சொல்லுது. வீட்டுக்குப் போ."

மன்சூர் அலி எட்டிச் சிலேட்டை எடுத்தார். திருப்பவில்லை, சாய்க்கவில்லை. வலமிருந்து இடமாகக் கண்ணை ஓட்டி ஒரே மூச்சில் படித்தார்:

"'என் இடம் இது என்று யார் சொன்னது?' ஓர் எழுத்துகூடப் பிசகல, அண்ணாச்சி. ஈயத்துல எழுத்து இப்படித் திரும்பித்தான் இருக்கும். நாள் முழுக்க இதத்தான் நான் பாக்குதேன்." பிறகு இசக்கியின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இது அந்த வௌக்குக் கம்பத்துப் படத்துல வாரதுல்லா? நீ எந்தப் பக்கம் உக்காந்து பாத்த?"

"எங்கள உக்கார வச்ச பக்கந்தான்."

எல்லோருக்கும் விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். விளங்கியவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"அந்தப் புள்ள கண்ணால பாத்தத அச்சாக எழுதியிருக்கு" என்றார் மன்சூர் அலி. "கோணல் அவ கையில இல்ல. நாம போட்ட எடத்துல."

வானமாமலை எழுந்து நின்றார். "படிச்சவுக பேச்சு இப்படித்தான் சுத்தி வரும். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: ஒழுங்கா எழுதுனாளா? எழுதல. எடம் கெடையாது."

இசக்கி வீடு திரும்பினாள். அவளை வாட்டியது அவமானத்தைவிடப் பெரிதான வேறொன்று. ஐந்து மாதமாகத் தான் சேர்த்தது அத்தனையும் புறங்காட்டி நிற்கிறதென்பதை அன்றுதான் அறிந்தாள். அவளுக்கு அதன்பின் எதைப் பற்றியும் நிச்சயமில்லை. கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டுக் கணவனைக் கேட்டாள்:

"இந்தாருங்க, அந்த வௌக்குக் கம்பம் கடலுக்கு எந்தப் பக்கமா நடந்து போச்சு?"

"சோத்துக்கைப் பக்கமா."

"நான் பாக்கையில பீச்சாங்கைப் பக்கமால்லா போச்சு."

"அப்பம் ரெண்டு பேரும் ரெண்டு கடலப் பாத்திருக்கோம்" என்றான் செல்லப்பாண்டி. கஞ்சியைக் குடிக்கப்போனவன் நிறுத்திவிட்டான். தான் சொன்னது வேடிக்கையாக இல்லை என்பது அவனுக்கே தெரிந்தது. "ஏளா, அந்த நாயி?"

"நாயி ரெண்டு பக்கமும் நாயிதான்" என்றாள் இசக்கி. அவள் முகத்தில் சிரிப்பு வந்ததைக் கண்டு அவனும் சிரித்தான். இந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடிந்தது.

மாசி மாதத்துச் சனிக்கிழமையில் மீண்டும் படவண்டி வந்தது. குழாயடியில் பெண்கள் குடங்களோடு வரிசை நின்றார்கள். இசக்கி தன் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"எங்க போற? துணி அங்கன கெடக்கு" என்றாள் முப்பிடாதியம்மாள். அவள் இசக்கியோடு மயிர்க் கொட்டகையில் வேலை செய்பவள், வாய்க்குப் பேர்போனவள்.

"இது சோறு பொங்க, மதினி. துணிக்கு இன்னைக்கு நான் ஊத்தல."

"ஊத்தலைன்னா படம் எப்படித் தெரியும்?"

"பின்னாடிதான் தெரியாது. முன்னாடி நல்லாத் தெரியும்."

முப்பிடாதியம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள். யோசித்தாள். "அடி கள்ளி!" என்றாள். பிறகு தன் குடத்தையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வரிசையில் நின்ற மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி சொர்ணம்மாள், வானமாமலையின் மனைவி. எல்லோருடைய கண்களும் அவள்மேல் இருந்தன. அவள் குடத்தைத் தேய்த்துக் கழுவினாள். தேவைக்கு மேலாகவே தேய்த்தாள். "எங்க வீட்டுலயும் தண்ணி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இருட்டியது. துணி காய்ந்தே நின்றது. தண்ணீர் சுமப்பது ஆண்பிள்ளை வேலையில்லை என்பதால் ஆண்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. வண்டிக்காரர் விளக்கைப் போட்டதும் முன்வரிசையில் "ஆஹா" என்றார்கள். துணியில் ஊறிப் பின்னால் வீணாகாமல் ஒளி முழுவதும் முன்னாலேயே நின்றதால், படம் அன்றுபோல் என்றுமே பளிச்சிட்டதில்லை. பின்புறமோ ஒரே இருட்டு. அந்த இருட்டிலிருந்து பெண்கள் எழுந்தார்கள். பிள்ளைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, துணியைச் சுற்றி, வரிசையாக முன்னால் வந்தார்கள்.

"நிறுத்து!" என்றார் வானமாமலை.

வண்டிக்காரர் மராட்டியர், விஷயம் புரியாமல் படத்தை நிறுத்தினார். வெள்ளை ஒளி மட்டும் துணியில் நின்றது. அந்த வெளிச்சத்தில் எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். இசக்கி ஆண்களின் வரிசை ஓரத்தில் நின்றாள். அவளுக்குப் பின்னால் முப்பிடாதியம்மாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். யாரும் கத்தவில்லை, யாரும் அடிக்கவில்லை. உட்கார இடமில்லாமல் அவர்கள் நின்றார்கள், அவ்வளவுதான். வண்டிக்காரர், "சுரூ கரூ கா?" என்று கேட்டார். தொடங்கட்டுமா என்று அதற்கு அர்த்தம்.

செல்லப்பாண்டி தலைவரைப் பார்த்தான். வேலை வாங்கிக் கொடுத்தவர்; வந்த புதிதில் தம் கூரையடியில் படுக்க விட்டவர். அவன் தொண்டையைக் கனைத்தான். எல்லோரும் அவன் ஏதோ பேசப்போகிறான் என்று திரும்பினார்கள். அவனோ தன் சாக்கில் அரைப்பாகம் ஒதுங்கிக்கொண்டு, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினான். இசக்கி போய் உட்கார்ந்தாள். அடுத்தவன் நகர்ந்தான். அதற்கடுத்தவனும் நகர்ந்தான்.

வானமாமலை மட்டும் நின்றுகொண்டிருந்தார். அவர் நிழல் துணியின்மேல் பெரிதாக விழுந்திருந்தது. அப்போது அவருக்கு நேர் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சொர்ணம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"மறைக்குது. கொஞ்சம் உக்காருங்களேன்."

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முப்பதாண்டு இல்வாழ்க்கையில் அந்த அம்மையார் பொது இடத்தில் தம் கணவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். வானமாமலை உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே, "படத்துக்கு இருந்துட்டுப் போங்க. பள்ளிக்கொடத்துக்கு இது பொருந்தாது" என்றார்.

படம் ஓடியது. அம்மை, கொசு, பிறகு விளக்குக் கம்பம். இசக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வாசகம் வந்தது. குழல்காரர் படித்தார்.

அவளால் படிக்க முடியவில்லை.

அவள் அறிந்திருந்த ஒவ்வொரு எழுத்தும் வேறு முகத்தோடு நின்றது. பழகிய அறைக்குள் யாரோ எல்லாச் சாமான்களையும் இடம் மாற்றிவிட்டதைப்போல், அவள் கண் எங்கெங்கோ மோதிற்று. முன்னால் வந்து உட்கார்ந்த அந்தக் கணமே அவள் மறுபடியும் எழுத்தறியாதவள் ஆகிவிட்டாள். படிப்பவரே, நமது மரியாதை ஒரு பெண்ணிடமிருந்து எதைப் பறித்தது என்று இங்கே பாருங்கள். இருக்கையை மட்டும் பறித்திருந்தால் ஒரு மாலையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். அவள் பாடுபட்டுச் சேர்த்த அறிவையே அல்லவா செல்லாக்காசு ஆக்கியிருந்தது!

கம்பம் வலதுபுறமாக நடந்தது, விழுந்தது, எழுந்தது. கடைசி வாசகம் வந்தது: "படகுகள் வந்தன." அதன் முதலெழுத்தில் அவள் கண் நின்றது. ப. முன்னால் பார்த்தாலும் பின்னால் பார்த்தாலும் மாறாத எழுத்து. அது ஒன்று அவளை ஏமாற்றவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த எழுத்தை மனத்துக்குள் புரட்டினாள். அதற்குள் வாசகம் மறைந்துவிட்டது.

"என்னாச்சுளா?" என்றான் செல்லப்பாண்டி.

"ஓரெழுத்துத் தெரியுது" என்றாள். "மத்தது திரும்பணும்."

திங்கட்கிழமை மாலை அவள் மறுபடியும் சங்கத்து வாசலில் நின்றாள். இம்முறை செல்லப்பாண்டி கூடவே வந்திருந்தான். வானமாமலை நாற்காலியிலிருந்து அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, களைப்பாகப் பார்த்தார்.

"நான் என்னம்மா செய்ய? சங்கத்துப் பட்டியல்ல பேரு உள்ளவங்கதான் பள்ளிக்கொடத்துல உக்காரலாம். பொம்பளை பேரு பட்டியல்ல கெடையாது. சட்டம் அப்படி."

"என் பேரு பட்டியல்ல இருக்குல்லா அண்ணாச்சி?" என்றான் செல்லப்பாண்டி.

"இருக்கு."

"அந்த எடத்துல இவ உக்காருவா. நான் வீட்டுல தூங்குதேன். பிள்ளையும் கூட தூங்கும்."

வானமாமலை பட்டியலை எடுத்துப் புரட்டினார். சட்டத்தில் அதற்குத் தடை இருக்கிறதா என்று தேடினார்போலும். பிறகு நாற்காலியைச் சற்று நகர்த்தி வழி விட்டார். மன்சூர் அலி சிலேட்டை நீட்டினார். அன்று அவர் வருகை வாசித்தபோது, "செல்லப்பாண்டி" என்றதும், "இருக்கேன்" என்று ஒரு பெண் குரல் பதில் சொன்னது. அறையில் சிரிப்பு எழுந்து, தானே அடங்கிற்று.

இப்போது சித்திரை பிறந்துவிட்டது. இசக்கி இடமிருந்து வலமாக எழுதுகிறாள். மன்சூர் அலி அந்த ஊர் எழுத்தில் எழுதிக்கொடுத்த பெயர்களையும் பழகிக்கொண்டு, பஸ்ஸின் நெற்றியைத் தானே படித்து ஏறுகிறாள். மாதுங்காவில் என் மேடையின் கீழே நின்று, என் துண்டுப் பிரசுரத்தை எழுத்தெழுத்தாய்க் கூட்டிப் படித்து, அதில் ஒரு பிழையும் கண்டு சொன்னாள். ஆனால் ஒவ்வொரு மாலையும் அவள் தன் கணவனின் பெயருக்குத்தான் "இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். முப்பிடாதியம்மாளின் புருஷனுக்குப் பெயரை விட்டுக்கொடுக்க மனமில்லை. ஆகையால் முப்பிடாதியம்மாள் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போகிறாள். ஒரு பெண் கற்பதும் கற்காததும் அவள் வீட்டு ஆணின் தூக்கத்தைப் பொறுத்ததா?

சங்கங்களில், சபைகளில், மன்றங்களில் உறுப்பினராக இருக்கும் தோழர்களே, இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட வேண்டாம். இசக்கியை மெச்ச வேண்டாம். மெச்சுவதால் அவளுக்கு ஒன்றும் ஆவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் சங்கம் கூடும். நீங்கள் போங்கள். பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயருக்கு அடுத்த வரியில் உங்கள் வீட்டுப் பெண்ணின் பெயரை, அவள் பெயராகவே, உங்கள் கையால் எழுதுங்கள். தலைவர் மறுத்தால், எழுதும்வரை உட்கார மறுத்து நில்லுங்கள்.